ஒன்றரை மீட்டர் தாடை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுதோறும் ஓர் இசை நாடகம் போடுவார்கள். அதற்கு 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்று முடிவாகிவிட்டால், பாட்டுப் பயிற்சி, உடை, அரங்க அமைப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: அந்தச் செடிக்கு என்ன வழி? வாடகைக்கு எடுப்பதா, நாமே செய்வதா?

கதை சிறியதுதான். பூக்கடையில் வேலை பார்க்கும் சீமோர் என்ற ஏழை இளைஞனுக்கு விசித்திரமான ஒரு செடி கிடைக்கிறது. மனித ரத்தம் குடித்து அது வளர்கிறது, பேசுகிறது, பாடுகிறது, கடைசியில் ஆட்களை முழுசாக விழுங்குகிறது. ரோஜர் கோர்மன் 1960இல் எடுத்த சிறு முதலீட்டுப் படத்தை ஹோவர்ட் ஆஷ்மன் எழுத்திலும் ஆலன் மென்கன் இசையிலும் 1982இல் நியூயார்க்கில் நாடகமாக்கினார்கள். ஆர்ஃபியம் அரங்கில் 2,209 காட்சிகள் ஓடியது. 'ஆட்ரி டூ' என்று பெயர் பெற்ற அந்தச் செடியை வடிவமைத்ததும் உள்ளே இருந்து ஆட்டியதும் மார்ட்டின் ராபின்சன் என்ற பொம்மலாட்டக் கலைஞர். 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். குரல் வேறொருவருடையது. மேடைக்குப் பின்னால் நின்று ரான் டெய்லர் பாட, ராபின்சன் வாயசைத்தார். இன்று பள்ளிகளிலும் இந்த ஏற்பாடுதான்: ஒரு மாணவர் பாடுவார், இன்னொருவர் செடிக்குள் இருப்பார்.

வாடகையா, சொந்தத் தயாரிப்பா என்று பேசும்போது பணம், இடம், தச்சு வேலை தெரிந்த பெற்றோர் எத்தனை பேர் என்ற கணக்குத்தான் முதலில் வரும். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் கேள்வியின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பெரிய பொம்மை என்பது ஓர் இளம் உடம்போடு பூட்டப்படும் நெம்புகோல். அந்த நெம்புகோலோடு பழக அந்த உடம்புக்கு எத்தனை வாரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் செடிக்கு உயிர் வரும், வராமலும் போகும்.

பார்வையாளருக்கு அது ஒரே செடி. மேடைக்குப் பின்னால் நான்கு பொம்மைகள் காத்திருக்கும். முதலாவது தொட்டிக்குள் அடங்கும் மொட்டு. கீழே மறைந்திருப்பவர் துளை வழியாகக் கைவிட்டு அசைப்பார். மூன்றாவதற்குள் ஓர் ஆள் உட்காரலாம். நான்காவது மேடையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவதன் உத்தியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சீமோர் தொட்டியை மார்போடு அணைத்தபடி பாடிக்கொண்டு வருவான். தொட்டியைச் சுற்றியிருக்கும் இரண்டு கைகளில் ஒன்று பொய்க்கை: சட்டையின் கைப்பகுதியில் பஞ்சடைத்து, முனையில் கையுறை தைத்து, தொட்டியோடு பொருத்தியது. நிஜக்கை தொட்டியின் பின்புறம் வழியாக நுழைந்து செடியின் வாய்க்குள் இருக்கிறது. நான்கு விரல்கள் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை. கட்டைவிரலை இறக்கினால் செடி பேசும். புதிதாகப் பழகுபவர்கள் கட்டைவிரலை மறந்துவிட்டு நான்கு விரல்களையும் தூக்கிவிடுவார்கள். ஒவ்வொரு அசைக்கும் தலை பின்பக்கமாக வெட்டி வெட்டிச் சாயும், கண்ணில்லாத அந்த முகம் கூரையைப் பார்த்துப் பாடும். இதைச் சரிசெய்ய ஒரு கண்ணாடியும் சில மாலைப்பொழுதுகளும் போதும். பொம்மையின் எடையோ சில நூறு கிராம். முதல் இரண்டையும் எந்தப் பள்ளியும் தானே செய்துகொள்ளலாம், செய்யவும் வேண்டும்.

சிக்கல் முழுவதும் நான்காவதில். அங்கே நாம் கலிலியோவிடம் போக வேண்டும். 1638இல் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் அவர் ஒரு விதியை விளக்கினார். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் நான்கு மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காகிறது, கனஅளவு 64 மடங்காகிறது. அரை மீட்டர் செடியை அப்படியே இரண்டு மீட்டர் செடியாக்கினால், அது திண்மமாக இருக்கும் பட்சத்தில், எடை 64 மடங்கு. உள்ளீடற்ற கூடாகச் செய்து, தோலின் தடிமனை மட்டும் மாற்றாமல் விட்டால் எடை 16 மடங்கோடு நிற்கும். பெரிய பொம்மைகள் எல்லாம் கூடாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. தாடை ஒரு கீலில் தொங்குகிறது. எடை எவ்வளவு என்பதோடு, அது கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தூக்குபவரின் சிரமத்தைத் தீர்மானிக்கிறது. நீளமான ஏணியை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும். ஆகவே தாடையைத் தாங்கி நிறுத்தத் தேவையான திருப்புவிசை, கூடாக இருந்தாலும் 64 மடங்கு. அடுத்து, அசைப்பது. நின்றுகொண்டிருக்கும் தாடையைச் சுழல வைப்பதற்கும் சுழல்வதை நிறுத்துவதற்கும் எதிராக நிற்கும் தன்மையை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். அது தொலைவின் இருமடியைப் பொறுத்தது. அங்கே பெருக்கம் 256 மடங்கு. பெரிய பொம்மை கனப்பது ஒரு தொல்லைதான். அதைவிடப் பெரிய தொல்லை, அது சோம்பலாக அசைவது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். மேல்தாடையின் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெத்தைக்கும் சோபாவுக்கும் போடும் ஃபோம் ஒரு கனமீட்டருக்கு 20 முதல் 30 கிலோதான் இருக்கும்; இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் நான்கு சதுர மீட்டர் வெட்டினால் இரண்டரை கிலோ. அதற்குள் விலா எலும்புகளாகக் குழாய்கள், மேலே துணி, பெயிண்ட், பற்கள், உதடு எல்லாம் ஏறும்போது எட்டு கிலோ சுலபமாக வந்துவிடும். எடைமையம் கீலிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், தாடையைக் கிடைமட்டமாகப் பிடித்திருக்க 47 நியூட்டன் மீட்டர் வேண்டும். கைப்பிடியைக் கீலிலிருந்து 30 சென்டிமீட்டரில் வைத்தால் கையில் 16 கிலோவைத் தாங்குவது போன்ற சுமை விழும். 60 சென்டிமீட்டரில் வைத்தால் எட்டு கிலோ. கைப்பிடி ஓர் அடி நகர்ந்ததில் பாதிச் சுமை போய்விடுகிறது, பைசா செலவில்லை. ஆனால் கை இரு மடங்கு தூரம் மேலே போக வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளையின் கை எட்டுமா என்று அளந்து பார்த்தாக வேண்டும்.

மிச்சச் சுமையைக் குறைக்க எல்லோருக்கும் உடனே தோன்றுவது எதிர் எடை. கீலுக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் நீட்டி 16 கிலோ மணல் மூட்டையைக் கட்டினால் தாடை சமநிலைக்கு வந்துவிடும். விரலால் தள்ளலாம். ஆனால் மூட்டையும் சேர்ந்து சுழல வேண்டியிருப்பதால் நிலைமம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். தூக்குவது சுலபம், வேகமாக அசைப்பது முன்னைவிடக் கடினம். அதோடு ஒரு மாணவரின் முதுகுக்குப் பின்னால் 16 கிலோ ஆடிக்கொண்டிருக்கும். என் வாக்கு எலாஸ்டிக் கயிற்றுக்குத்தான். மேலேயுள்ள சட்டகத்திலிருந்து தடித்த எலாஸ்டிக் கயிறுகளைத் தாடையோடு இழுத்துக் கட்டினால், எடையில் பெரும்பகுதியைக் கயிறு ஏற்றுக்கொள்ளும். அதன் சொந்த எடை மிகக் குறைவு என்பதால் நிலைமம் கூடாது. நீள நீள அதன் இழுவிசை கூடும் என்பதால் எல்லாக் கோணத்திலும் சமநிலை கிடைக்காது. வாய் முக்கால்வாசி மூடியிருக்கும் நிலையில் சமநிலை வரும்படி கட்டிக்கொள்வது நல்லது, பெரும்பாலான நேரம் செடி அப்படித்தான் இருக்கும்.

சுமையை உடம்பில் எந்த இடத்தில் ஏற்றுவது என்பதற்குக் கும்பகோணத்துப் பொம்மலாட்டம் நல்ல பாடம். அந்தப் பாவைகள் நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் வரை இருக்கும்; இந்திய மரபுப் பாவைகளிலேயே பெரியவை, கனமானவை. அவற்றைத் தாங்கும் கயிறுகள் கலைஞர் தலையில் மகுடம்போல் அணிந்திருக்கும் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். எடை கழுத்தெலும்பு வழியாக நேராகக் கீழே இறங்கிவிடுவதால் கைகள் இரண்டும் பாவையின் கைகளை ஆட்டும் கம்பிகளுக்கு முழுசாகக் கிடைக்கின்றன. தாங்குவது எலும்பின் வேலை, அசைப்பது தசையின் வேலை என்ற இந்தப் பிரிவினை பெரிய பொம்மை எதற்கும் பொருந்தும். கழுத்தில் ஏற்றுவதற்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும் என்பதால் பள்ளி மேடைக்கு அது ஆகாது. தோளும் இடுப்பும் சேர்ந்து தாங்கும் மலையேற்றப் பையின் வார்களை வெட்டிப் பொருத்துவது அங்கே சரியான வழி.

இப்போது வேகத்துக்கு வருவோம். இயல்பான பேச்சில் ஒரு நொடிக்கு நான்கைந்து அசைகள் வரும். ஒவ்வோர் அசைக்கும் வாய் திறந்து மூட வேண்டுமென்றால், ஒரு திறப்புக்குப் பத்தில் ஒரு நொடிதான் கிடைக்கும். எடையைக் கயிறு ஏற்றுக்கொள்ள, 60 சென்டிமீட்டரில் உள்ள கைப்பிடியால் நாம் சொன்ன தாடையை 30 பாகை திறந்து நிறுத்த 0.4 நொடி எடுத்துக்கொண்டால் கையில் ஒன்பது கிலோ அளவுக்கு விசை போதும். 0.1 நொடியில் திறக்க வேண்டுமென்றால் அது 140 கிலோவாகிவிடும். நேரம் நான்கில் ஒரு பங்கானால் விசை 16 மடங்கு. இதில் சமரசம் கிடையாது.

1986இல் ஃபிராங்க் ஓஸ் இதைத் திரைப்படமாக எடுத்தபோது இதே சுவரில்தான் மோதினார். லைல் கான்வே வடிவமைத்த ராட்சதச் செடிக்குப் பின்னால் பெரும் படையே நின்று ஆட்டியும், பாட்டின் வேகத்துக்கு உதடுகள் வரவில்லை. கடைசியில் கேமராவை மெதுவாக ஓடவிட்டார்கள். நொடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதிலாக 16 சட்டகங்கள் எடுத்து, திரையில் 24 வேகத்தில் ஓட்டினால் செடி ஒன்றரை மடங்கு சுறுசுறுப்பாகிவிடும். அந்தக் காட்சிகளில் கூட நடித்த ரிக் மொரானிஸ் தன் பங்கையும் மெதுவாக, அளந்து அளந்து நடிக்க வேண்டியிருந்தது. படத்தில் அது தெரியவே தெரியாது. நான் மிகவும் மதிக்கும் நடிப்பு அது.

மேடையில் அந்தக் கேமரா இல்லை. அங்கே உதவிக்கு வருவது பார்வையாளரின் மூளை. குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தாலும், அசையும் வாய் எங்கே தெரிகிறதோ அங்கிருந்துதான் குரல் வருகிறது என்று மூளை முடிவு கட்டிவிடும். திரையரங்கில் நாம் தினமும் அனுபவிப்பதுதான் இது. ஏன் அப்படி என்பதை டேவிட் ஆலாயிஸ், டேவிட் பர் இருவரும் 2004இல் அழகாகக் காட்டினார்கள். கண், காது இரண்டில் எந்தத் தகவல் அதிகத் துல்லியமோ அதற்கு மூளை அதிக மதிப்புக் கொடுக்கிறது. இடம் அறிவதில் வழக்கமாகக் கண் துல்லியமானது, ஆகவே கண் சொல்வது எடுபடுகிறது. காட்சியை மிகவும் மங்கலாக்கிவிட்டால் காது சொல்லும் இடம் வென்றுவிடுகிறது. ஆகவே செடியின் வாய் மீது வெளிச்சம் நன்றாக விழ வேண்டும், உதட்டோரம் உள்வாயைவிட அழுத்தமான நிறத்தில் இருக்க வேண்டும். இருட்டில் பாடும் செடியின் குரல் ஒலிபெருக்கிக்கே திரும்பிப் போய்விடும்.

இடத்தில் தாராளம் காட்டும் மூளை நேரத்தில் கறாரானது. ஒளிபரப்புத் துறைக்காகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்துள்ள வழிகாட்டுதலின்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவருக்கு உறுத்தத் தொடங்கும்; பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இயற்கையோடு ஒத்துப்போகிறது. தூரத்து ஓசை எப்போதும் காட்சிக்குப் பின்னால்தான் நம்மை வந்தடைகிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிநொடி எடுக்கும். பொம்மையாட்டுபவருக்கு இதில் கிடைக்கும் பாடம் தெளிவானது: வாய் குரலைவிடச் சற்று முந்தலாம், ஒருபோதும் பிந்தக் கூடாது.

இங்கேதான் கஷ்டமே ஆரம்பிக்கிறது. குரலைக் கேட்டுவிட்டு வாயைத் திறப்பது என்று வைத்தால், கேட்டதற்குக் கை வினையாற்றவே 150 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குப் பிறகு தாடை திறக்க 400. எல்லாம் முடியும்போது பாட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். ஆகவே உள்ளே இருப்பவர் குரலைப் பின்தொடரவே முடியாது. பாட்டை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே தாடையைக் கிளப்ப வேண்டும். எல்லா அசைக்கும் முடியாது என்பதால் அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் திறந்து, உதடு ஒட்டும் ம, ப போன்ற ஒலிகளில் மூடிக்கொள்ள வேண்டும். மிச்சத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்ளும்.

முன்கூட்டியே கிளப்புவதற்குத் தாடை எப்படி நடந்துகொள்ளும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1994இல் ரெஸா ஷாட்மெர், ஃபெர்டினாண்டோ முசா-இவால்டி இருவரும் செய்த பரிசோதனை இதைத் தெளிவாக்கியது. ஒரு ரோபோ கையின் பிடியைப் பிடித்துக்கொண்டு குறிகளை நோக்கிக் கையை நீட்டச் சொன்னார்கள். அசைவின் வேகத்துக்கு ஏற்ப ரோபோ கையை வேறு திசையில் தள்ளியது. முதலில் எல்லோருடைய கையும் வளைந்து போனது. பழகப் பழக நேரானது. பிறகு திடீரென்று தள்ளுவதை நிறுத்தியபோது கை எதிர்ப்பக்கம் வளைந்தது. அதாவது கைகள் விறைத்துக்கொண்டு சமாளிக்கவில்லை. அந்தத் தள்ளுதலின் மாதிரி ஒன்றை மூளை கட்டி வைத்திருந்தது. ஷாட்மெர் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இப்படிக் கற்றதை அடுத்து உடனே வேறொரு விசையைப் பழகினால் முதல் பாடம் குலைகிறது. நான்கு மணி நேர இடைவெளி விட்டால் குலைவதில்லை. கற்றது படிய நேரம் வேண்டும்.

வாடகைப் பொம்மையின் உண்மையான விலை இதில்தான் ஒளிந்திருக்கிறது. அது பெரும்பாலும் மேடையேற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் பெட்டிகளில் வந்து இறங்கும். அதுவரை அந்த மாணவர் அட்டைப்பெட்டியையோ வெறுங்கையையோ அசைத்துப் பயின்றிருப்பார். அந்த இலேசான எடைக்கான மாதிரிதான் அவர் மூளையில் இருக்கும். அதை அழித்து எட்டு கிலோத் தாடைக்கு மாற்றிக்கொள்ள சில மாலைகள் போதாது. பள்ளியிலேயே செய்தால் பொம்மை முழுசாக முடியாவிட்டாலும் எலும்புக்கூடு முதல் மாதமே கைக்கு வந்துவிடும். ஆனால் பள்ளித் தயாரிப்பில் வேறு ஆபத்துகள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒன்று வெப்பம். மிதமாக உழைக்கும் உடம்பு 300 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும். அதை வியர்வை மட்டுமே ஆற்ற வேண்டுமென்றால் மணிக்கு 450 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஃபோம் கூட்டுக்குள் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் வியர்வை வழியும், ஆவியாகாது. கூட்டின் உச்சியில் இலைகளுக்கு நடுவே ஒரு திறப்பும், அடியில் ஒரு திறப்பும், சின்ன மின்விசிறியும் இருந்தால் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும். இரண்டாவது ஆபத்து நெருப்பு. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் மிக வேகமாக எரியும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகையைக் கக்கும். உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது. தீத்தடுப்புத் தரம் உள்ள ஃபோம் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது, சூடேறும் விளக்குகளை அருகே வைக்கக் கூடாது. உள்ளிருப்பவர் யார் உதவியும் இல்லாமல் சில நொடிகளில் வெளியே வரும்படி பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். செடி விழுங்கும் நடிகர்கள் வெளியேறுவதற்கும் அதே வழி பயன்படும். ரப்பர் பசையைத் திறந்த வெளியில்தான் பூச வேண்டும். இவற்றையெல்லாம் பொறுப்பேற்றுச் செய்ய ஒருவர் பள்ளியில் இல்லையென்றால் நான்காவது பொம்மையை வாடகைக்கு எடுப்பதே சரி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

உயிர் வருவது இவை எல்லாவற்றுக்கும் பிறகு. தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழு 2007இல் லண்டன் தேசிய அரங்கின் 'வார் ஹார்ஸ்' நாடகத்துக்காகச் செய்த ஜோயி என்ற குதிரையை மூன்று பேர் இயக்குவார்கள். பிரம்பும் அலுமினியமும் கொண்ட வெறும் சட்டகம். உள்ளே நிற்பவர்களின் கால்கள் அப்பட்டமாகத் தெரியும். இருந்தும் பார்ப்பவர்கள் குதிரையைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது நிற்கும்போதும் மூச்சு விடுகிறது. உடம்பில் பொருத்திய சில ஒளிப்புள்ளிகள் இருட்டில் நகர்வதைக் கொண்டே நடப்பது மனிதர் என்று கண்டுகொள்கிறோம் என்பதை ஸ்வீடனின் குன்னார் யோஹான்சன் 1973இல் காட்டியிருந்தார். உருவத்தைவிட அசைவின் ஒழுங்கைத்தான் கண் உயிருக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஆட்ரி டூவுக்கும் மூச்சு வேண்டும். பாடுபவர் வரிக்கு முன் மூச்சிழுப்பது உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி ஒரு சிறு ஒலிபெருக்கியை அவர் காதருகே வைத்துவிட்டால் இரண்டு காரியம் ஆகும். அந்த மூச்சே தாடையைக் கிளப்புவதற்கான முன்னறிவிப்பு. அதோடு சேர்ந்து தாடை இரண்டு விரல் அளவுக்கு எழுந்தால் செடியே மூச்சிழுத்தது போலத் தெரியும்.

ஆகவே என் யோசனை, சிறிய இரண்டையும் பள்ளியில் செய்துகொண்டு, பெரியதை வாடகைக்கு எடுத்து, ஒத்திகைக்கு மட்டும் ஒரு பொய்த்தாடையை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது. அதற்கு வாடகைக்கு விடுபவரிடம் நான்கு அளவுகளைக் கேட்க வேண்டும்: கீலிலிருந்து தாடையின் நீளம், கைப்பிடி இருக்கும் தூரம், தாடையைக் கிடைமட்டமாக வைத்து நுனியில் பயணப்பெட்டித் தராசைக் கொக்கியிட்டால் அது காட்டும் எடை, தாடையைக் கீலில் தொங்கவிட்டு லேசாக ஆட்டினால் பத்து ஊசலாட்டத்துக்கு ஆகும் நொடிகள். தராசு திருப்புவிசையைச் சொல்லும், ஊசல் அதோடு சேர்ந்து நிலைமத்தைச் சொல்லும். நாம் கணக்கிட்ட தாடைக்குத் தராசில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல், ஊசலில் 18 நொடி. பள்ளியின் தச்சு அறையில் ஒன்றரை மீட்டர் மரச்சட்டத்தைக் கீலில் மாட்டி, மணல் நிரப்பிய இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கட்டி, இரு எண்களும் ஒத்துவரும் வரை பாட்டில்களை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். வாடகைப் பொம்மையில் தாங்கு கயிறு இருந்தால் அதே மாதிரி ஒன்றை இதிலும் இழுத்துக் கட்ட வேண்டும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியரும் நான்கு மாணவர்களும் ஒரு மதியத்தில் முடித்துவிடுவார்கள். மறுநாள் மாலையே பாட்டை ஓடவிட்டு ஒத்திகையைத் தொடங்கலாம்.